ஆற்றில் போடாத மெத்தை

எங்கள் கடைக்கு மெத்தை வாங்க வருகிறவர்கள் விலையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"அண்ணே, இது யாரும் செத்துப்போன மெத்தை இல்லையே?"

புது மெத்தையைக் காட்டினாலும் அதே கேள்விதான். அப்பா சிரித்துவிட்டு, "பஞ்சுக்கு என்னப்பா தெரியும்? யார் படுத்தா, யார் எந்திரிச்சுப் போனான்னு அது கணக்கா வச்சிருக்கு?" என்பார். வந்தவர் அதையும் நம்பாமல் மெத்தையை ஒருமுறை குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்.

போடிநாயக்கனூர் என்றாலே எல்லோருக்கும் ஏலக்காய் ஞாபகம். இலவம் பஞ்சு என்று ஒன்று இந்த மலையடிவாரத்தில் விளைவது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. காய் வெடிக்கிற மாசத்தில் எங்கள் தெருவில் காப்பியில்கூடப் பஞ்சு மிதக்கும். அப்பா புது மெத்தை தைத்து விற்றார். அதைவிட அவருக்குப் பிடித்தது பழைய மெத்தை வேலை. கட்டிதட்டிப்போனதைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, மெஷினில் விட்டு அடித்து, புது உறைக்குள் திணித்து, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுப்பார். இலவம் பஞ்சு லேசில் கெட்டுப்போகிற சாமான் இல்லை. படுத்துப் படுத்து அமுங்கும், அவ்வளவுதான். புதுசு விற்றால் வருவதைவிட இதில் வரும்படி குறைவு என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அப்பா காதில் வாங்கமாட்டார்.

ஊரும் பழைய மெத்தையைக் கொண்டுவரத்தான் செய்தது. ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அந்த ஆள் படுத்த பாயும் மெத்தையும் நேராகக் கொட்டக்குடி ஆற்றுக்குப் போய்விடும். அது ஊர் வழக்கம். பாலத்தடியில் மெத்தைகள் ஊறி உப்பிக் கிடக்கும். நாய்கள் அதன்மேல் குட்டி போடும். பிறகு ஃபோம் மெத்தைகளும் வந்து சேர்ந்தன. அவை மக்குவதே இல்லை, வெள்ளம் வந்தால் கீழ்த்தோட்டத்துக்காரர்களின் வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். அப்பா வண்டியைப் பாலத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் ஆற்று நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். போடிமெட்டுக்கு ஏறுகிற சரிவில் அவருக்குத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வெளியூர்க்காரர்கள் தங்க விடுதி கட்டியிருந்தார். ரூம்களில் இருந்த இலவம் பஞ்சு மெத்தைகள் எல்லாம் குழி விழுந்துவிட்டன. எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளிவிட்டு ஃபோம் மெத்தை போட்டுவிடலாமா, அப்பாவிடம் கொடுத்து அடித்து வாங்கலாமா என்று அவருக்கு யோசனை. அவர் சரி என்றால் மலையில் இருக்கிற மற்ற விடுதிக்காரர்களும் வருவார்கள் என்று அப்பா நம்பினார். அந்த நம்பிக்கை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. வியாபாரிக்கு ஆகாத முகம்.

"மெத்தைய எறக்கிக் கொண்டாந்துட்டா, வர்றவங்களத் தரையிலயா படுக்கச் சொல்றது தம்பி?" என்றார் தோட்டக்காரர்.

"மாத்து மெத்தைய நான் ஜீப்புல ஏத்தி விடுறேண்ணே. ரெண்டு ரெண்டு ரூமா எறக்குங்க. ஒரு கட்டிலும் சும்மா கெடக்காது."

"கலந்துபோச்சுன்னா?"

"ரூமுக்கு ஒரு கலரு நூல் தச்சு விடுறேன். அந்த ரூம் பஞ்சு அந்த ரூமுக்கே வரும்."

தோட்டக்காரர் தலையை ஆட்டினார். பிறகு அவரும் குரலைத் தாழ்த்தினார். பணக்காரருக்கும் அதே கேள்விதான்! "செத்தவுக மெத்தையும் இதே மெஷின்லதான் அடிப்பீகளோ?"

"கொண்டாந்தா அடிப்பேன். மறைக்கமாட்டேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கொண்டாரல."

"அடுத்தவன் வீட்டு மெத்தைன்னா அடிச்சிரலாம் தம்பி. உங்க வீட்டு மெத்தைய அடிப்பீகளா?"

"அடிப்பேண்ணே," என்றார் அப்பா.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும் என்பதால் மாசக்கணக்காக உள்ளறையில் படுத்தே இருந்தாள். படுத்திருந்தாலும் கடையில் யார் என்ன பேசினாலும் அவள் காதுக்குத் தப்பாது. அப்பா உள்ளே வந்ததும், "கேட்டேன், கேட்டேன். என் மெத்தைய ஆத்துல போட்டீகன்னா அந்த ஆளு மூஞ்சில எப்பிடி முழிப்பீக?" என்றாள். அம்மாவுக்கு எதிலும் கேலிதான்.

"வாயக் கழுவுடி," என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவளுடைய பாயும் சேலைகளும் ஆற்றுக்குப் போயின. மெத்தையை மட்டும் அப்பா தொடவிடவில்லை. உள்ளறையில் கட்டில்மேல் அது கிடந்தது. அம்மா ஒருக்களித்துப் படுத்த இடத்தில் ஒரு பள்ளம். தோள்பட்டைக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். அது எனக்குச் சரியாகப் பொருந்தாது. ஆனாலும் எழுந்து வர மனசு வராது.

கருமாதி முடிந்ததும் அத்தை ஆரம்பித்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

"இன்னுமா அந்த மெத்தை கெடக்கு? வெரசாத் தூக்கிக்கிட்டுப்போயி ஆத்துல போடச் சொல்லு."

"போடலக்கா."

"பொம்பளப் புள்ளைய வச்சிருக்க. சாவுத் துட்டிய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இவளுக்கு ஒண்ணுன்னா என்னடா பண்ணுவ? ஓன் வியாபாரமா வந்து காப்பாத்தும்?"

இன்றைக்கு எனக்கு அத்தைமேல் கோபமில்லை. அவளுக்கு நான் செத்துப்போய்விடுவேனோ என்று பயம். அப்பாவுக்கு எதிரே இரண்டு வழிதான் இருந்தது. ஆற்றில் போட்டால் இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னதெல்லாம் பொய். பிறகு எவனும் அவரை நம்பிப் பழைய மெத்தையைக் கொடுக்கமாட்டான். அடித்தால் அக்காவின் பேச்சை மீற வேண்டும். நான் மூன்றாவதாக ஒன்றை வேண்டிக்கொண்டிருந்தேன். மெத்தை அப்படியே கிடக்கட்டும், பள்ளத்தோடு. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மழை விட்டு வெயிலடித்த ஒரு நாள் காலையில் அப்பா மெத்தையைத் தோளில் போட்டுக் கடைவாசலுக்குக் கொண்டுவந்தார். தெருவே பார்த்தது. எதிர் டீக்கடையில் கிளாஸ்கள் கையிலேயே நின்றன. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா பிளேடை எடுத்துத் தையலோடு ஒரு கோடு இழுத்தார். பஞ்சு கட்டிகட்டியாக வெளியே சரிந்தது. அந்தப் பள்ளம் என் கண்ணெதிரில் காணாமல் போனது. "கிழிக்காதீங்கப்பா!" என்று நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைதான் இவருக்குப் பெரிசு, அம்மா இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். அப்படியொரு வெறுப்பு எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

சாயங்காலம் வரைக்கும் தார்ப்பாயில் விரித்துக் கம்பால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு மெஷினறைக்கு அள்ளிக்கொண்டு போனார். அங்கே தூசி கண்ணை மறைக்கும். மூக்கில் துண்டு கட்டாமல் அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். வேலையாட்கள் மறந்தால் கெட்ட வார்த்தையில்கூடத் திட்டுவார். நான் வாசற்படியில் அழுதுகொண்டு நின்றேன். அவர் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து என் மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். பிறகு உள்ளே போய் மெஷினைப் போட்டார். தனக்கு ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை. தலையெல்லாம் புருவமெல்லாம் வெள்ளையாக, வாயைக்கூட மூடாமல், கடைசிப் பிடி பஞ்சு வரைக்கும் தானே அடித்தார். சித்தப்பா கைகொடுக்க வந்தபோது வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

அந்தப் பஞ்சில் எனக்கு ஒரு சின்ன மெத்தையும் அவருக்கு ஒரு தலையணையும் ஆயின. என் மெத்தை பொதபொதவென்று சமமாக இருந்தது. எங்கே தடவினாலும் பள்ளம் இல்லை.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, அடுத்த வாரமே மலையிலிருந்து ஜீப்பு வந்தது, மேலே மெத்தைகளைக் கட்டிக்கொண்டு. தோட்டக்காரர் டிரைவரோடு தானும் இறங்கிவந்து, "கேள்விப்பட்டேன் தம்பி," என்று மட்டும் சொன்னார். அப்பா மாற்று மெத்தைகளை ஏற்றி, நூல் கலரைக் காட்டி அனுப்பினார். பிறகு வேறு விடுதிகளிலிருந்தும் லோடு வந்தது. தெருக்கோடியில் இருந்த ஒருவர் தன் தகப்பனார் இறந்த மெத்தையைப் பட்டப்பகலில் தூக்கிவந்தார். குரலைத் தாழ்த்தவில்லை. ஊரே மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பாலத்தடியில் இன்றும் மெத்தை கிடக்கிறது.

இப்போது கடையை நான்தான் பார்க்கிறேன். தேனியில் அதிகாரிகள் நடத்தும் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். பழசைத் திரும்பப் பயன்படுத்துகிற தொழிலுக்கு வியாபாரிகள் மாற என்ன உதவும் என்று கேட்கிறார்கள். கடனா, பயிற்சியா, சட்டமா? எல்லாம் வேண்டும்தான். நான் மாற்று மெத்தையையும் கலர் நூலையும் சொல்வேன். கவனமாகக் குறித்துக்கொள்கிறார்கள். தன் வீட்டு மெத்தையை முதலில் அடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதைச் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்துவிடுவேன்.

அன்றைக்குப் பிறகு அப்பா பல நாள் இருமினார். நான் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. "ஊருக்கெல்லாம் துண்டு கட்டு, துண்டு கட்டுன்னு திட்டுவீங்களே, நீங்க ஏன் கட்டல?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"கட்டத் தோணல ஆத்தா," என்றார்.

பஞ்சுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதருக்கு, அம்மா படுத்த பஞ்சின் தூசியில் ஒரு இழையைக்கூடத் துண்டு கட்டி வெளியே நிறுத்த மனசில்லாமல் போனது அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.