வாசலோடு நின்ற அம்மாள்

என் கணவருக்கு ஊசி என்றால் பயம். வயலில் பாம்பைக் கண்டால் ஆற அமர நின்று பார்க்கிற மனுசன், ஊசியைக் கண்டால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவர் தானாகவே வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய், தனியார் வைத்தியசாலையில் காசு கட்டி, கொப்பளிப்பானுக்கு, அதாவது அம்மாள் என்று நாங்கள் கும்பிடுகிற சின்னம்மைக்கு, தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் என் தங்கச்சிக்காகத்தான்.

தங்கச்சி புதுக்குடியிருப்பில் இருக்கிறாள். கலியாணம் கட்டிப் பல வருசமாகப் பிள்ளையில்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டொக்டர் இல்லை. கடைசியில், எல்லாரும் கேட்பதை விட்டுவிட்ட நேரத்தில், வயிற்றில் ஒன்று தங்கியது. அம்மா என்னோடு கனகராயன்குளத்தில் இருப்பதால் அவளுக்குத் தாய் வீடு என்பது என் வீடுதான். பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வருவதென்று முதல் மாதமே முடிவாகிவிட்டது.

கிளினிக்கில் டொக்டர் அவளிடம், சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்ததா என்று கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு போன் எடுத்தாள்.

"வந்திருக்கும்" என்றார் அம்மா.

"வந்திருக்குமோ, வந்ததோ?"

"எடியே, இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்கை கிடந்த காலத்திலை எல்லாத்துக்கும் மேல் முழுக்கச் சொறிதான். வேர்க்குரு ஆருக்கு, சிரங்கு ஆருக்கு, அம்மாள் ஆருக்கு எண்டு நான் என்னத்தைக் கண்டன்? கொக்காவுக்கு வந்தது தெரியும், கன்னத்திலை தழும்பு கிடக்கு."

கொக்கா, அவளுடைய அக்கா, நான்தான். 'வந்திருக்கும்' என்பதை நம்ப முடியாது என்றாராம் டொக்டர். அந்தத் தடுப்பூசியில் இருப்பது பலம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி என்பதால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள். போடுவதென்றால் முன்னமே போட்டிருக்க வேண்டும். இப்போதைக்கு, அவளோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவர்களில் இந்த வருத்தம் முன்பு வராதவர்கள் ஊசி போட்டால் நல்லது. அவளுடைய இரத்தத்தைச் சோதித்தும் பார்க்கலாம் என்றாராம். அதற்குமுன் எத்தனையோ சோதனைக்கு இரத்தம் கொடுத்துக் களைத்துப்போயிருந்தவள், அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் வருத்தம் வராதவர் இவர் ஒருவர்தான். ஊசி போடப் போகிறேன் என்று இவர் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"அம்மாளை வராதை எண்டு சொல்ல நாங்கள் ஆர் தம்பி?"

"வராதையெண்டு சொல்லேல்லை மாமி. பிள்ளை பிறந்தாப் பிறகு வாங்கோ எண்டுதான் சொல்லுறன்."

இந்த மரியாதை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. போகும்போது நெற்றியில் திருநீறும் பூசிவிட்டார்.

இரண்டாவது ஊசியும் போட்டு முடிந்த பிறகு இவரைப் பிடிக்க முடியவில்லை. கொரோனாவுக்கு ஊசி, ஆணி குத்தியதற்கு ஊசி, இப்போது இதற்கும் ஊசி. ஒரு நாள் மழை விட்டுக் கிணற்றடியில் நுளம்பு மொய்த்தபோது, தனக்கு டெங்கும் வராது என்றார். டெங்குக்கு இங்கே ஊசியே இல்லையென்று எங்கள் குடும்பநல மாது எத்தனை தரம் சொல்லியிருப்பார்! முதலில் அந்தச் சிரட்டைகளைக் கவிழ்த்துக் கொட்டுங்கோ என்று நான் கத்தினேன். வீரர் சிரிப்போடு கவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் கொப்பளிப்பான் வந்தது. படலையில் வேப்பிலை ஏறியது. எங்கள் பக்கம் வேப்பிலையைக் கண்டால் பால்காரனும் வெளியில் நின்றே கூப்பிடுவான். இவர் மட்டும் இளநீர்க் குலையைத் தோளில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்து உள்ளே போனார். தாய் தகப்பன் களைத்துப்போயிருந்தார்கள், உதவி வேண்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இளநீரைக் கொடுத்துவிட்டு வராமல், பின்னேரம் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்து கரம்போர்ட் விளையாடினார்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சப்பா. இனி அம்மாள் என்னைத் திரும்பியும் பாக்க மாட்டா."

இரண்டு கிழமை கழிந்திருக்கும். தங்கச்சியைக் கூட்டி வருவதற்கு நாள் பேச இவர் புதுக்குடியிருப்புக்குப் போனார். பலாப்பழமும் ஒரு முட்டி எருமைத் தயிரும் கொண்டு போனார். மத்தியானம் போனவர் பொழுதுபட்டபிறகுதான் வந்தார். அவளுக்குப் பக்கத்தில் இருந்து பலாச்சுளை உரித்துக் கொடுத்தாராம், அவள் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாளாம். ஒரு பை நண்டும் கொடுத்துவிட்டிருந்தாள். அடுத்த நாள் காய்ச்சுவதற்கு அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

விடிய, கிணற்றடியில் இவர் குளிக்கும்போதுதான் முதுகைக் கண்டேன்.

"இதென்ன முதுகிலை?"

"நுளம்பு."

"தண்ணி வைச்ச முத்துப்போலை கடிக்கிற நுளம்பு எந்த ஊர் நுளம்பு?"

"அப்ப வேர்க்குருவாயிருக்கும்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். மருமகனைத் திருப்பி நிறுத்தி, முதுகைக் கிட்டப் பார்த்தார். பிறகு அந்த முதுகைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். ஈரச் சாறத்தோடு நின்ற இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தானும் கும்பிட்டார்.

"வந்திட்டா" என்றார் அம்மா. வயிற்றையும் நெஞ்சையும் தேடிப் பார்த்துவிட்டு, "ஆனால் உள்ளுக்கை வரேல்லை. ஊசியைக் கண்டு வாசலோடை நிண்டிட்டா. அங்கை ஒண்டும் இஞ்சை ஒண்டுமாத்தான் கிடக்கு" என்றார்.

வாசலோடு நின்றாலும் வந்தது வந்ததுதான். அம்மா படலையில் வேப்பிலை கட்டினார். இவருக்கு அறைக்குள் பாயும் வெள்ளை வேட்டியும். குசினியில் பொரியல் இல்லை, தாளிப்பு இல்லை, மச்சம் மாமிசம் இல்லை. நண்டுப் பையை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் பிள்ளைகளுக்கு அம்மாள் இறங்கித் தண்ணி வார்த்து முடித்திருந்தார்கள், நன்றாகவே சாப்பிட்டிருப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுசன் நேற்று முழுக்க யாருக்குப் பக்கத்தில் இருந்தது?

ஊசி போட்ட வைத்தியசாலைக்கு போன் எடுத்தேன். டொக்டர் ஆறுதலாகத்தான் பேசினார்.

"அம்மா, ஊசி பிழைக்கேல்லை. இந்த வயசிலை ஊசி இல்லாமல் வந்திருந்தால் காய்ச்சலோடை விழுந்து கிடப்பார், சிலவேளை நெஞ்சிலையும் பிடிச்சிருக்கும். இப்ப எண்ணிப் பாக்கக்கூடிய அளவுதானே? அது ஊசி செய்த வேலை. ஆனால் ஒருத்தருக்கும் ஒரு கொப்பளமும் வராது எண்டு அது வாக்குக் குடுக்கேல்லை."

"இவரிட்டையிருந்து மற்றாக்களுக்குப் பரவுமோ டொக்டர்?"

"குறைவு. ஆனால் பரவலாம். கொப்பளம் வாறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னமே பரவத் தொடங்கும்."

எங்கள் வழக்கத்தில் இருக்கிற ஓட்டை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாள் முகம் காட்டிய பிறகுதான் நாங்கள் வேப்பிலை கட்டுகிறோம். அவா அதற்கு முன்னமே ஊர் சுற்றத் தொடங்கிவிடுகிறா.

தங்கச்சிக்குச் சொன்னேன். "அக்கா, பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ?" என்று மட்டும் கேட்டாள். ஆகாது என்று நான் சொன்னது பொய். எனக்கு ஒன்றும் தெரியாது. அவளும் புருசனும் உடனே வெளிக்கிட்டுப் போய் அவளுடைய இரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தார்கள். முன்பு வருத்தம் வந்திருந்தால் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புச் சக்தி தெரியுமாம். இல்லையென்றால் வேறொரு ஊசி போடவேண்டும். அது உடம்புக்குப் பழக்கிக் கொடுக்கிற தடுப்பூசி அல்ல, வேறு ஆட்களின் எதிர்ப்புச் சக்தியைக் கைமாற்றாகக் கொடுப்பது. அதையும் சுணங்காமல் போடவேண்டும், எங்கே கிடைக்கும் என்றும் தேடவேண்டும். தங்கச்சியின் புருசன் அன்றே தேடத் தொடங்கிவிட்டார்.

முடிவு வரும்வரைக்கும் நான் இவரை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அதுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. சோற்றுத் தட்டை வாசலில் வைத்தால் அப்படியே திரும்பி வந்தது. அம்மா அம்மாளோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். "என்னைப் பிடி, இவனைப் பிடி, அவளை விட்டிடு தாயே" என்று சாமி அறையிலிருந்து கேட்டது. இவர் பெயரும் அதில் சேர்ந்திருப்பதைக் கேட்டு, அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்தது.

"அக்கா, இருக்காம்."

"என்னடி இருக்காம்?"

"எதிர்ப்புச் சக்தி. எனக்குச் சின்னனிலையே வந்திருக்காம். பயப்பிடத் தேவையில்லையாம். பிறக்கிற பிள்ளைக்கும் கொஞ்ச மாசத்துக்கு அதிலை பங்கு இருக்காம்."

அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்தார். "நான் அப்பவே சொன்னனான்தானே, வந்திருக்கும் எண்டு!" என்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

இவரைப் பற்றி அவள் என்ன நினைப்பாளோ என்றிருந்தேன். அவளே அத்தானைக் காட்டச் சொன்னாள். போனை வீடியோவில் போட்டு, அறை வாசலில் கதிரையில் வைத்தேன். இவர் வேட்டியை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு பாயில் எழும்பி இருந்தார். "பிள்ளை, நான்..." என்று தொடங்கினார்.

"விடுங்கோ அத்தான்" என்றாள் அவள். "அந்தத் தறப்பாளுக்கையிருந்து உயிரைத் தவிர ஒண்டும் கொண்டு வரேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். என்ரை பிள்ளைக்கு இதைக் கொண்டு வந்திருக்கிறன், பாத்தியளே!"

சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். இவர் வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.