கதவில் எழுதிய நாற்பத்தேழு

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், இடிக்கப்பட்ட கம்பத்துக் குடியிருப்புகளின் பழைய காகிதங்களையும் படங்களையும் திரட்டி ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல நானும் போயிருந்தேன். மேசையில் கிடந்த ஒரு படத்தில் பச்சைக் கதவு. அதில் சிவப்புச் சாயத்தில் 47. அதைச் சுற்றி மஞ்சள், குங்குமம். கிள்ளானில் நாங்கள் இருந்த வீடு.

அந்தச் சாயத்தின் நெடி அப்படியே மூக்கில் ஏறியது. எனக்கு அப்போது எட்டு வயது. யாரோ ஆட்கள் வந்து வீடு வீடாக எண் எழுதிவிட்டுப் போனார்கள். "புது வீடு குடுக்கப் போறாங்க லா, அதுக்குத்தான் நம்பர்" என்றார் அப்பா. கம்பத்தில் மலாய் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அம்மா எண்ணுக்குப் பொட்டு வைத்தார். அப்பா எங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லா வாசலிலும் மாவிலை கட்டினார். மாவிலை காய்ந்து உதிர்வதற்குள் வீடுகளை இடிக்க இயந்திரம் வந்துவிட்டது.

"இது உடைக்கப்போற வீட்டுக்குப் போட்ட நம்பர், அக்கா" என்றாள் ஸ்கேன் செய்த பெண். "அதுக்கு முன்னாடியே மலாய்ல நோட்டீஸ் குடுத்திருக்காங்க."

"எங்களுக்கு எவனும் குடுக்கல." இத்தனை வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சண்டை போட்டு வந்திருக்கிறேன்.

அவள் நோட்டீஸ் வாங்கியவர்களின் பட்டியலை என் பக்கம் நகர்த்தினாள். நாற்பத்தேழுக்கு நேரே அப்பாவின் கையெழுத்து. நாற்பத்தாறுக்கும் அதேதான். தாளைப் புரட்டினேன். கம்பத்தின் எல்லா வீட்டுக்கும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்.

"ரெக்கார்டிங் ஓடுது, அக்கா. சொல்லுங்க."