முப்பத்தொரு உருப்படி

ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். வீட்டுப் பக்கத்திலும் சிஸ்டர்தான். பால் போடுகிறவர், குடியிருப்பின் காவலாளி, சமயத்தில் வாய் தவறிக் கணவர்கூட. இருபத்தேழு வருடமாக ஒரே வார்டு. இளைய நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'சீல்'. அது அவருக்குத் தெரியும். பொருத்தமான பெயர் என்றே நினைத்தார்.

பெயருக்குக் காரணம் வார்டு மூலையில் நிற்கும் அவசர வண்டி. யாருக்காவது இதயம் நின்றால் உருட்டிக்கொண்டு ஓடுகிற, ஐந்து இழுப்பறை வைத்த வண்டி. மாதம் ஒன்றாம் தேதி இரண்டு பேர் அதைச் சரிபார்ப்பார்கள். ஒருவர் பட்டியலைப் படிக்க, மற்றவர் பொருளைக் கையால் தொட்டு 'இருக்கு' என்பார். பிறகு இரண்டு கையெழுத்து, எண் போட்ட பிளாஸ்டிக் சீல். சீல் முழுசாக இருந்தால் வண்டி தயார். இல்லையென்றால் அது சக்கரம் வைத்த மேசை. சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருநாள், தொண்டைக்குள் பார்க்கும் விளக்கை எடுத்தபோது அதில் பேட்டரி தீர்ந்திருந்தது. வேறு பேட்டரி வர நாற்பது நொடி. நோயாளி பிழைத்து, நன்றி சொல்லி, நடந்தே வீட்டுக்குப் போனார். சிஸ்டர்தான் அந்த நாற்பது நொடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

அப்படிப்பட்டவரின் ஒரே மகளுக்கு முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வீட்டின் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாகப் போகிறேன் என்றாள். முதல் தடவை நானும் வருவேன் என்றார் சிஸ்டர். வேலைக்குப் போகிற முதல் நாளே அம்மாவோடு போய் இறங்க முடியாது என்றாள் மகள். மூன்று நாள் வீட்டில் சாப்பாடு மட்டும்தான் பரிமாறப்பட்டது, பேச்சு இல்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவர். அவர்தான் சமரசம் செய்துவைத்தார். காருக்கு ஓர் அவசரப் பெட்டி தயாராகட்டும். அதை உபயோகிக்கத் தெரியும் என்று மகள் காட்டட்டும். காட்டிவிட்டால் தனியாகப் போகட்டும். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. பெட்டி என்றால் சின்னதாக ஒன்று என்று அவர் நினைத்திருந்தார். அது அவருடைய தப்பு.

சிஸ்டர் பட்டியல் போட்டார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுக்கும் கயிறு, பேட்டரிக்கு ஜம்பர் கேபிள், சாலையில் நிறுத்தும் சிவப்பு முக்கோணம், ஒளிரும் மேலங்கி இரண்டு, டார்ச், விசில், போர்வை, தண்ணீர், குளுக்கோஸ், பஞ்சர் ஒட்டும் திரிகள், கார் சாக்கெட்டில் ஓடும் காற்று பம்ப். முதலுதவிச் சாமான்கள் மட்டும் ஒன்பது உருப்படி. மொத்தம் முப்பத்தொன்று. சீல் நூறாகத்தான் விற்பார்கள் என்பதால் நூறு வாங்கினார்.

"இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு. ஒரு டாக்டரை மடிச்சு வெச்சிடலாம்," என்றார் கணவர்.

"டாக்டர் எதுக்கு? நான் எழுதி வெச்சிருக்கேன்," என்றார் சிஸ்டர். எழுதித்தான் வைத்திருந்தார். இருபத்தெட்டாம் உருப்படி, முதலுதவிக் குறிப்பேடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒத்திகை நடந்தது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து "பின் சக்கரம், இடது பக்கம், மழை," என்பார். வானம் வெளுப்பாக இருக்கும். மகள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சக்கரம் கழற்றுவாள். முதல் தடவை ஐம்பத்தொரு நிமிடம். நான்காவது தடவை பத்தொன்பது. மாடிகளில் இருந்து பார்த்தவர்கள் யாரோ கைதட்டினார்கள். சிஸ்டர் சரி என்றார். சரி என்றவர் ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். கைப்பையில் ஒரு மாற்றுடையும் பல் துலக்கும் பிரஷும் வைத்தார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

புறப்படும் நாள் ஒன்றாம் தேதியாக அமைந்துவிட்டது.

விடிந்ததும் சிஸ்டர் டிக்கியில் இருந்த பெட்டியை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, சீலை அறுத்தார்.

"அம்மா, நேத்துதானே மூடின?"

"நேத்து முப்பது. இன்னைக்கு ஒண்ணு."

இருபத்திரண்டு உருப்படி ஆனது. தொட்டு 'இருக்கு' சொல்லவேண்டிய கணவர், குளித்துவிட்டு வந்து மீதியைத் தொடுகிறேன் என்று போனார். குளித்து வந்தவர் பெட்டிகளைக் காரில் ஏற்றச் சொன்னார்கள் என்று துணிப்பெட்டிகளை ஏற்றினார். சிஸ்டர் வாசலில் நின்று, ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, அணைத்துப் பின் சீட்டில் போட்டுவிட வேண்டும் என்று மூன்றாவது முறை சொன்னார். மகள் அணைத்து, போட்டு, கிளம்பினாள். கார் திருப்பத்தில் மறைந்தது. இருவரும் உள்ளே வந்தார்கள். மேசை மேல் பெட்டி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் பெட்டியை மூடினார். போன் போட்டுப் பார்க்கவில்லை. மகள் சொன்ன பேச்சைக் கேட்பவள் என்பது அவருக்குத் தெரியும். கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

பெட்டியை மடியிலும் கைப்பையைத் தோளிலும் வைத்துக்கொண்டு சிஸ்டர் பின்னால் உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் பதினான்காவது கிலோமீட்டரில் ஸ்கூட்டரின் பின் சக்கரம் காற்றை விட்டது.

கணவர் இறங்கி டயரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "இதுல நமக்கு ஆகுற மாதிரி என்ன இருக்கு?"

"கார் ஜாக்கி," என்றார் சிஸ்டர். கொஞ்சம் யோசித்து, "பம்ப் இருக்கு. ஆனா அதுக்குக் கார் வேணும்."

விதி விதிதான். இருவரும் ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டார்கள். கணவர் ஐம்பது அடி பின்னால் நடந்து முக்கோணத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, ரோடு அளக்கிறீர்களா என்று விசாரித்தார். பஞ்சர் என்றார் சிஸ்டர். லாரிக்காரர் முக்கோணத்தையும் மேலங்கிகளையும் ஸ்கூட்டரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று கேட்டுப் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கணவரின் போன் அடித்தது. பெட்ரோல் போட நின்ற மகள், தண்ணீர் பாட்டிலுக்காக டிக்கியைத் திறந்திருக்கிறாள்.

"அப்பா, பெட்டி வீட்டுலயா இருக்கு?"

"இல்லம்மா. ரோட்டுல."

இன்னொரு முக்கால் மணியில் கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள், ஏன், எப்படி என்று கேட்கவில்லை. பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து ஆணியைக் கண்டுபிடித்தாள். குறடால் பிடுங்கி, ஓட்டையில் திரியைக் குத்தி ஏற்றி, பம்பைக் காரில் சொருகினாள். டயர் உப்ப ஆரம்பித்தது. கார் என்று தலைப்புப் போட்ட பட்டியலில் இருப்பது ஸ்கூட்டருக்கும் ஆகும் என்று சிஸ்டருக்கு அதுவரை தோன்றவே இல்லை. குறடு ஒருதரம் வழுக்கியபோது அவர் கை தானாக முன்னால் போனது. மேலங்கியின் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"அம்மா, அந்த முக்கோணத்தை எடுத்துட்டு வா," என்றாள் மகள், நிமிர்ந்து பார்க்காமல்.

வார்டில் டாக்டர்களே அவரிடம் அந்தக் குரலில் பேசுவதில்லை. சிஸ்டர் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

காரின் முன் மூடி மேல் பெட்டியை வைத்து, மீதி உருப்படிகளை முடித்தார்கள். சிஸ்டர் படித்தார், மகள் தொட்டாள். கடைசியில், "திரி ஒண்ணு குறையுதும்மா. சீல் போட முடியாது," என்றாள்.

"போற வழியில வாங்கிக்கோ."

மகள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றிரண்டு சாமானுக்காக எடுத்த பை போல அந்தக் கைப்பை இல்லை. பிரஷின் பிடி எட்டிப் பார்த்தது. காரின் இடது கதவைத் திறந்து பிடித்தாள். "வர்றதுன்னா வா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சிஸ்டர் காலி சீட்டைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி. நீ கிளம்பு," என்றார்.

லீவு விஷயம் கணவருக்குத் தெரியும். வார்டிலிருந்து யாரோ நேற்றே கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் டயரை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு சிஸ்டர் சீருடையில் வார்டுக்குள் நுழைந்தார். நீங்கள் லீவாயிற்றே என்றார்கள். ரத்து செய்யும் படிவம் கேட்டார். அப்படி ஒரு படிவத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. தேட இருபது நிமிடம் ஆனது. காரணம் என்ற கட்டத்தில் 'அவசியம் ஏற்படவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டாவது கையெழுத்துக்கு யாராவது வாருங்கள் என்றார்.