வெளிறிய வளையம்

2009 இல் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. நான் டிஜிட்டல் கட்சி, மனைவி பிலிம் கட்சி. வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. ஆகவே வாக்கெடுப்பு வைத்தும் பயனில்லை.

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் முன்னறைதான் எங்கள் ஸ்டூடியோ. பிரான்சில் பத்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி, சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் கலியாணவீடுகளைப் படம் பிடித்துப் பழகி, லண்டனுக்கு வந்தபின் அதையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்டவன் நான். மணவறையும் வாசலும் என் பொறுப்பு. பெண்கள் உடுத்துகிற அறைக்குள் மனைவி போவாள்; நகை பூட்டுகிற நேரம் மட்டும் என்னையும் உள்ளே விடுவார்கள். புது டிஜிட்டல் கமரா வாங்கியதும் என் பழைய பிலிம் கமராவை அவளிடம் தள்ளிவிட்டேன். பிறகு அவளுக்கும் புதிதாக ஒன்று வாங்கப் போனபோது, வேண்டாம், இதுவே கைக்குப் பழகிவிட்டது என்றாள். எனக்கு மூக்குடைந்த மாதிரி இருந்தது. பிலிம் வாங்குவதும் கழுவுவதும் வீண் வேலை என்று கிடைத்த இடத்திலெல்லாம் அவளைக் குத்திக் காட்டுவேன். அவள் கேட்காத மாதிரி பிலிமைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் எங்கள் சனத்துக்குக் கொண்டாட மனம் இருக்கவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஊரிலிருந்து வந்த செய்திகள் அப்படி. மண்டபம் பதிந்தவர்கள்கூடத் தள்ளிப்போட்டார்கள். வேலை குறைந்ததால் எங்களுக்குச் சண்டை பிடிக்க நிறைய நேரம் கிடைத்தது. ஒருநாள் இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று மேல்மாடி யன்னலில் முக்காலியை வைத்து, எதிர்ப்பக்கத்துப் பலசரக்குக் கடையை இரண்டு கமராவாலும் படம் பிடித்தோம். ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம். அவளுடைய பிலிமைக் கழுவி ஸ்கேன் பண்ணி, இரண்டு படங்களையும் திரையில் பக்கத்துப் பக்கமாகப் போட்டு ஒரு மூலையைப் பெரிதாக்கினேன்.

கடைக் கண்ணாடியில் டெலிபோன் காட் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. என் படத்தில் அதிலிருந்த நாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக உரத்து வாசித்துக் காட்டினேன். அவளுடைய படத்தில் எழுத்துகள் வறுத்த ரவை கொட்டினது போலப் பொரிபொரியாகக் கிடந்தன. நான் கதிரையை விட்டு எழும்பி ஒரு சுற்று ஆடினேன் என்று நினைக்கிறேன். அவள் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட படத்தில அந்த வான் வெறும் வெள்ளை. என்ர படத்தில கதவில நசுங்கல் தெரியுது, பாருங்கோ" என்றாள்.

கடைக்கு முன்னால் நின்ற வெள்ளை வான் வண்டியைச் சொன்னாள். உண்மைதான். வெயில் பட்ட இடம் என் படத்தில் அப்படியே வெளுத்துப் போயிருந்தது. நசுங்கின வானை யார் காசு கொடுத்து வாங்குவான் என்று கேட்டேன். வெற்றி எனக்கே என்று அறிவித்து, அன்று இரவுச் சாப்பாட்டையும் வெற்றியாளனுக்குரிய மிடுக்கோடு சாப்பிட்டேன்.

டிஜிட்டலில் எனக்கு மிகப் பிடித்தது படம் எடுப்பதல்ல, எடுத்தபின் செய்யும் வேலை. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் வடிவாக்குதல். பிள்ளையை ஒருக்கா வடிவாக்கி விடுங்கோ அண்ணை என்று தாய்மார் வந்து காதுக்குள் சொல்வார்கள். பருக்கள் போகும். கறுத்த பிள்ளை மாநிறமாகும். மாநிறப் பிள்ளை எங்கோ ஐரோப்பாவில் பிறந்ததாகிவிடும். சேலை மடிப்பு நேராகும், பூமாலையில் வாடின பூ மலரும். யாரும் கேட்காவிட்டாலும் செய்வேன். செய்து முடித்ததைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவேன். கம்பியூட்டர் வட்டில் இடம் மிஞ்ச வேண்டுமே.

செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். சான்ட்விச் தொழிற்சாலையில் வேலை. முந்தின வருடம் அவளுடைய மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டுக்கு நாங்கள்தான் படம் பிடித்தோம். நான் செய்து கொடுத்த அல்பத்தைக் கடைப்பை ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் மட்டும் இருந்தன.

தாலிக்கொடி களவு போய்விட்டது. எங்கள் பெண்கள் இங்கே கொடியை விசேஷங்களுக்குத்தான் போடுவார்கள், மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள். அது கள்ளருக்கும் தெரியும். பட்டப்பகலில், அவளும் கணவரும் வேலையில் நின்ற நேரம் பின்கதவை உடைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பொலிஸ் ஒரு கூட்டத்தைப் பிடித்து நகைகளை மீட்டு, நகை தொலைத்தவர்களை வந்து பார்க்கச் சொல்லியிருந்தது. மேசையில் மூன்று கொடிகள் கிடந்தன. மூன்றும் ஒரே மாதிரிப் பின்னல், ஒரே மாதிரித் தாலி. தன்னுடையதைக் கண்டதும் இவள் இதுதான் என்று கைவைத்துவிட்டாள். தாலிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் வெளிறின நிறம், அதுதான் அடையாளம் என்றும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதே கொடியை இன்னொரு பெண்ணும் தன்னுடையது என்கிறாள். அவள் பொய் சொல்கிறாள் என்று இவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பாவம், அவவுக்கும் துலைஞ்சதுதானே, ஆசையில அப்பிடித் தெரிஞ்சிருக்கும் என்றாள்.

மேசையில் பார்த்தபிறகு வளையத்தைப் பற்றி யாரும் சொல்லலாம், களவு போவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று பொலிஸ்காரி கேட்டிருக்கிறாள். இவளிடம் இருந்தது என் அல்பம் மட்டும்தான், அதைக் கொண்டுபோய் விரித்திருக்கிறாள். மகளுக்கு நகை பூட்டுகிறபோது தாய் குனிகிறாள், கொடி முன்னால் தொங்குகிறது. பெரிய படம், பளிச்சென்று இருக்கும். பொலிஸ்காரி கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வளையமும் எண்ணக்கூடிய மாதிரித் தெரிந்தது. எல்லாம் ஒரே மஞ்சள். அப்படியானால் மேசையில் கிடப்பது உங்களுடையது அல்லவே என்று சொல்லி, வியாழக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை இவளுடைய கணவருக்கு இருதய ஒப்பரேஷன்.

"கயிறு கட்டியிருக்கிறன்தான். எண்டாலும் அவர் கட்டின கொடி என்ர கழுத்தில இல்லாமல் அவரை உள்ளுக்கு அனுப்ப எனக்கு ஏலாது, அண்ணை" என்றாள். என் கம்பியூட்டரில் முதல் எடுத்த படம் அப்படியே இருக்கும்தானே என்று நம்பி வந்திருந்தாள்.

எனக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. படத்தைப் பெரிதாக்கி வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு வளையம் மட்டும் பித்தளை போல வெளிறிக் கிடந்தது. பார்க்கிறவர்கள் கவரிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று கதைப்பார்கள், அல்பம் நாலு வீட்டுக்குப் போகும் என்று நினைத்தேன். பக்கத்து வளையத்திலிருந்து நிறத்தை எடுத்து அதற்குப் பூசினேன். கொடியில் இரண்டு சட்டைப்பின்கள் வேறு தொங்கின. எங்கள் பெண்கள் கொடியையும் பின் குத்தி வைக்கிற இடமாகத்தானே பாவிப்பார்கள். அவற்றையும் துடைத்தேன். வேலை திறமாக வந்ததென்று அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

இருந்தாலும் வட்டுகளை எல்லாம் கிண்டினேன். பழைய படம் இல்லை. கமராவின் மெமரி காட்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. அன்று நான் எடுத்த மற்றப் படங்களில் கொடி சேலைக்குள் மறைந்திருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சும்மா திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி மாடிக்கு ஏறினாள். நெகட்டிவ்கள் அடுக்கிய கோப்போடு இறங்கி வந்தாள். உடுத்துகிற அறைக்குள் அந்த நேரம் அவளும் நின்றிருக்கிறாள், ஒன்றிரண்டு எடுத்திருக்கிறாள். வெளிச்சப் பெட்டியில் சுருளை வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். நெகட்டிவில் நிறங்கள் எல்லாம் தலைகீழ். குனிந்த கழுத்தும் தொங்குகிற கொடியும் தெரிந்தனவே தவிர வளையத்தின் நிறத்தைச் சொல்ல முடியவில்லை. ஸ்கேனரில் போட்டேன். படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கிவர மூன்று பேரும் திரைக்கு முன்னால் குனிந்து நின்றோம்.

முழுப்படமும் வந்தது. ரவைதான். சேலையின் இழைகள் என் படத்தில் தெரிந்த அளவுக்குப் பாதிகூடத் தெரியவில்லை. நிறம் கொஞ்சம் மங்கலாகத் தோன்றவே, என் கை தன்பாட்டில் சரிசெய்கிற பொத்தானுக்குப் போனது. மனைவி என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"தொடாதேங்கோ" என்றாள்.

தொடவில்லை. படத்தைப் பெரிதாக்க மட்டும் விட்டாள். அந்தப் பொரிகளுக்கு நடுவே இரண்டு சட்டைப்பின்கள் தொங்கின. தாலிக்குப் பக்கத்தில் ஒரு வளையம், மற்றவற்றோடு சேராமல், வெளிறிக் கிடந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. வளையத்துக்கு மஞ்சள் பூசினது நான்தான் என்றேன். பழைய படத்தை அழித்ததையும் சொன்னேன். கத்துவாள், கத்தட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"தெரியும் அண்ணை. அல்பம் தந்த அண்டைக்கே கண்டனான்" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "நீங்கள் ஆசையாய்ச் செய்து தந்தனீங்கள். அதைக் குறையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பிறகு அந்த வளையத்தின் கதையைச் சொன்னாள். ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலம். மகளுக்கு ஏழு மாதம். மடியில் இருந்தபடியே கொடியைப் பிடித்து இழுத்ததில் ஒரு வளையம் அறுந்துபோனது. அந்தச் சின்ன ஊரில் நகைக்கடை கிடையாது. கணவர் பனிக்குள் அடுத்த ஊர்வரை நடந்துபோய் ஒட்டிக்கொண்டு வந்தார். அந்த நாட்டுப் பவுண் எங்கள் பவுணைப் போல மஞ்சள் இல்லை. கடைக்காரனிடம் இருந்தது அதுதான். லண்டனுக்கு வந்தபின் மாற்றியிருக்கலாம், ஆனால் அவளுக்கு மாற்ற விருப்பமில்லை. நான் மெனக்கெட்டு உட்கார்ந்து அழித்தது அதைத்தான்.

வியாழக்கிழமை மனைவி நெகட்டிவையும் கொண்டு அவளோடு பொலிசுக்குப் போனாள். நான் காரில் இருந்தேன். உள்ளே போக எனக்கு முகமில்லை. பொலிஸ்காரி படத்தையும் நெகட்டிவையும் கொடியையும் பக்கத்துப் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தாளாம். கள்ளர் கழற்ற மறந்த சட்டைப்பின் ஒன்று கொடியில் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்ததாம். வளையமும் பின்னும் படத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தன. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் கொடியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு காருக்குள் ஏறினாள். போட்டுக்கொள்ளவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லி, எங்களையும் உள்ளே கூட்டிப்போனாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் கொடியை வாங்கி, ஊசி ஏற்றின கையால் தடுமாறித் தடுமாறி அவள் கழுத்தில் பூட்டினார். கொழுக்கி மாட்ட வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. பூட்டி முடித்ததும், ஆர் கண்டுபிடிச்சது என்று கேட்டார்.

"அக்காவும் அண்ணையும்தான்" என்றாள் அவள்.

அக்கா சரி. அந்த அண்ணையை என்னால் தாங்க முடியவில்லை. வெறுங்கையோடு அவருடைய கால்மாட்டில் நின்று நடந்ததெல்லாம் சொன்னேன். கொடி கிட்டத்தட்ட என்னால்தான் போயிருக்கும் என்றேன். நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப்போகிற மனிதரிடம் சொல்லக்கூடிய கதையா என்று பிறகுதான் யோசித்தேன். அவர் மனைவியின் கழுத்துக்குக் கையை நீட்டி அந்த வளையத்தைத் தேடிப் பிடித்தார்.

"இதை மாத்துவம், மாத்துவம் எண்டு பன்னிரண்டு வருசமா நானும் இவவோட சண்டை. ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம் எண்டு எனக்கு வெக்கம். நீங்கள் ஒரு நாளில செய்திட்டியள்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்காதேங்கோ, நெஞ்சு என்று அவள் அதட்டினாள். அவர் நிறுத்தவில்லை.

காருக்குத் திரும்பி வரும்போது மனைவிக்கு நன்றி சொன்னேன். கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவளிடம் பாவித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. பாலும் பாணும் முடிந்துவிட்டன, கடையடியில் நிறுத்தும்படி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அன்று எங்களுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பின்னேரம் போன் அடித்தது. அண்ணை, கண் முழிச்சிட்டார் என்றாள். வேறு ஆருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள்.

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.