மாமி, பூனை, மூன்று நிறங்கள்

கலியாணம் முடிந்து நான் கல்முனைக்குக் குடிவந்தபோது என்னோடு வந்த சொத்து ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கணினியும்தான். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. சம்மாந்துறையில் நெல்லையும் உழவு மெசினையும் பார்த்து வளர்ந்தவன், இங்கே உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகளுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அறையில் இருந்த பிளக் சரியில்லாததால் கணினியை நடு மண்டபத்தில், சமையல் செய்கிற குசினியின் வாசலுக்கு நேரே வைத்தோம். எல்லாம் அதனால் வந்ததுதான்.

மாமி என்னோடு கதைப்பதில்லை. கோபமெல்லாம் இல்லை, மரியாதை. ஒரே கூரைக்குள் மாமியும் மருமகனும் இருப்பதால் நடுவில் ஒரு திரை வேண்டும் என்பது பழைய வழக்கம். மற்ற வீடுகளில் ஒரு நோன்புப் பெருநாள் கழிவதற்குள் அது தானாகத் தேய்ந்துவிடும். எங்கள் மாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. குசினி வாசலில் மெல்லிய பச்சைத் திரைச்சீலை ஒன்று தொங்கும், அதற்குப் பின்னால் அவர் இருப்பார். தேத்தண்ணி நேரத்தில் திரைக்கு வெளியே வளையல் போட்ட கை ஒன்று வரும், ஓரத்து மேசையில் கோப்பையை வைக்கும், உள்ளே போய்விடும். மாமியை எனக்கு ஒரு கையாகத்தான் தெரியும்.

மனைவி வீட்டில் இருந்தால் செய்தி அவள் வழியாக வரும். அவள் ஆசிரியை. பின்னேரம் அஸர் தொழுததும் டியூசன் வகுப்புக்குப் போய்விடுவாள். மாமா பஸாரில் கடையில் இருப்பார். அந்த நேரத்தில் செய்தி பூனை வழியாக வரும்.

“பூனே, சோறு ஆறுது. ஆக்கள் வந்து தின்னலாமே.”

பூனை ஏற்கெனவே தின்று முடித்து மீசையை நக்கிக்கொண்டிருக்கும். ஊரில் மகளுக்குச் சொல்லி மருமகளுக்கு உறைக்க வைப்பார்கள். இங்கே பூனைக்குச் சொல்லி மருமகனுக்கு.

சம்மாந்துறையிலிருந்து என் உம்மா வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்தால் முதல் கேள்வி இதுதான்: “மாமி கதைக்கிறாவா மகன்?”

“ஓம் உம்மா, பூனையோட நல்லாக் கதைக்கிறா.”

சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் போனை வைத்த பிறகு மனது என்னவோ செய்யும். ஒரு வீட்டில் தின்று, தூங்கி, கரண்ட் பில் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு மனுசி வாயால் ஒரு சொல் கேட்காமல் இருப்பது லேசான காரியமில்லை. வா என்றோ போ என்றோ, ஏன், ஒரு ஏச்சு என்றாலும் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் கணினிக்கு ஒரு விளையாட்டை வாங்கினேன். வெள்ளை வெளேரென்ற அறைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கற்கள். நம் கையில் துப்பாக்கி மாதிரி நிறம் பீச்சும் துவக்கு ஒன்று. கல்லில் சிவப்பு அடித்தால் கல் தூண்போல வளரும். நீலம் அடித்தால் தன்மேல் விழுவதைத் தூக்கி எறியும். மஞ்சள் அடித்தால் கல் மிதந்து கூரைவரை போகும். அடித்த நிறத்தைக் கழுவ அதே துவக்கில் தண்ணீரும் உண்டு. இவற்றை வைத்து எப்படியாவது அடுத்த அறையின் கதவுக்குப் போய்ச்சேர வேண்டும். விளையாடுகிறவனின் கண்ணால்தான் எல்லாம் தெரியும். அவனுடைய உருவம் தெரியாது, கை மட்டும் தெரியும்.

திரைக்குப் பின்னாலிருந்து முதல் கேள்வி வந்தது.

“பூனே, ஆள் எங்க? கை மட்டும்தானே தெரியுது. இதென்ன கூத்து?”

கோப்பை வைக்கிற கைக்குச் சொந்தக்காரர் இதைக் கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன்.

எனக்கு முன்கோபம் அதிகம். மூன்றாம் அறையிலோ நாலாம் அறையிலோ மாட்டிக்கொண்டு, எந்த மடையன் செய்த விளையாட்டு இது, கதவை எட்டாத இடத்தில் வைத்திருக்கிறான் என்று கத்தினேன்.

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம் பூனே.”

மூக்குக்குமேல் கோபம் வந்தது. பூனையிடம் கோபித்து என்ன பயன்? கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், இந்த முறை மெதுவாக, “சிவப்பு வளருது, நீலம் எறியுது. சிவப்புக்கு மேல நீலத்த வெச்சா ஆகாதா பூனே?” என்றது.

வைத்தேன். தூண் வளர்ந்தது, அதன் உச்சியிலிருந்த நீலக்கல் என்னைத் தூக்கி எறிந்தது, கதவுக்குள் போய் விழுந்தேன். திரைக்குப் பின்னால் கரண்டி ஒன்று சட்டியில் டங் என்று விழுந்தது. சந்தோசத்தில் போட்டதா, கைதவறியதா என்று இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு அஸர் நேரம் எங்கள் நேரமாகிவிட்டது. திரைக்குப் பின்னால் மாமி உட்காரக் கதிரை இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் விளையாட்டைத் தொடங்குவேன். திரை முதலில் ஒரு விரல் அகலத்துக்கு விலகியது, பிறகு ஒரு முகம் தெரியுமளவுக்கு. பூனை நடுவில் சுருண்டு நித்திரை கொள்ளும். உலகத்திலேயே இவ்வளவு புத்திமதி கேட்ட பூனை வேறு இருக்காது.

நான் அடிக்கிறவன், மாமி யோசிக்கிறவர். என் குறை அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அடித்த நிறத்தைக் கழுவ எனக்கு மனம் வராது. “பூசினத்த எல்லாம் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிண்டா எப்பிடிப் பூனே? தண்ணி சும்மாவா தந்திருக்கான்?” என்பார். நான் கேட்காதவன் போல இன்னும் ஒரு கல்லுக்கு மஞ்சள் அடிப்பேன்.

பக்கத்து வளவில் மனைவியின் தங்கைக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் மாமாவும் மாமியும் அங்கே போய்விடுவார்கள், இந்த வீடு எங்களுக்கு என்பது ஏற்பாடு. பூச்சு முடிந்ததும் மாமா பெயின்ட் அட்டையைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார்.

“மண்டபத்துக்குச் சிவப்பா அடிப்பமா?” என்று கேட்டார்.

“சிவப்பு வேணாம், சுவர் வளந்திரும்” என்றார் மாமி திரைக்குப் பின்னாலிருந்து.

“அப்ப நீலம்?”

“தூக்கி எறிஞ்சிரும்.”

மாமா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். திரைக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு கேட்டது. மாமியின் சிரிப்பை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா மட்டும், “உங்கட உம்மாக்குப் பிரசர் பாக்கணும்” என்று மகளிடம் சொல்லிவிட்டு வெள்ளை பெயின்ட் வாங்கி வந்தார்.

கடைசி அறையில் நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தபோதே குடிபோகும் நாள் வந்துவிட்டது. அந்த அறையில் கதவு எதிர்ச்சுவரின் நடு உயரத்தில். கீழே பள்ளம். பள்ளத்தில் கழுவ முடியாத நீலக்கல் ஒன்று. நாம் நிற்கிற கல்லுக்கு மஞ்சள் அடித்தால் அது பள்ளத்துக்கு மேலாக மிதந்து கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கதவுக்கு எட்டாது. பாய்ந்தால் கதவுக்குக் கிட்டவும் போகாமல் சுவரில் முட்டித் திரும்ப முதலிலிருந்து. மாமிக்கும் பிடிபடவில்லை.

மௌலூது ஓதிக் குடிபுகுந்தார்கள். பூனையை உரப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் பையை அவிழ்த்துவிட்டுப் பெருமூச்சு விடுமுன்னரே பூனை மதில் ஏறிக் குதித்து என் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அது மனிதருக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம்.

மாமிக்கு இங்கே வர நல்ல சாட்டு. அஸருக்குப் பிறகு பின்வாசலால் மீன்தலையோடு வருவார், பூனைக்கு வைப்பார், திரைக்குப் பின்னால் கதிரை இழுபடும். ஆனால் பூனையைத் தின்பண்டத்தால் கெடுத்தவரும் அவரே. மீன்தலை வரும் வாசல் எது என்று அது கண்டுகொண்டு, ஒருநாள் தானாகவே புதுவீட்டுக்குக் குடிபோய்விட்டது. அதோடு மாமியும் வரவில்லை. பூனை இல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு வருவது?

அந்த மாலைகள் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. முழு வீடும் எங்களுடையதாகிவிட்டது, மண்டபம் முழுக்க என் இஷ்டம். ஆனால் குசினி வாசலில் திரைச்சீலை காற்றுக்கு மட்டும் ஆடியது. கடைசி அறையைத் திறந்து வைத்துக்கொண்டு, கூரையில் ஒட்டிய மஞ்சள் கல்லின்மேல் ஒன்றும் செய்யாமல் நிற்பேன்.

வெள்ளிக்கிழமை. மனைவி வீட்டில் இருந்தாள். நான் வழக்கம்போல மஞ்சள் கல்லில் ஏறிக் கூரையில் நின்றேன். பின்வாசல் திறக்கும் சத்தம் கேட்டது.

“பூனயக் காணல்ல. இஞ்ச வந்திச்சா?” மாமியின் குரல்.

மனைவி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். “உம்மா, அந்தா உங்கட மதில்ல படுத்திருக்கு. அதத் தாண்டித்தானே வந்திருப்பீங்க?”

இந்த முறை நடுவில் பூனை இல்லை. திரைச்சீலையில் ஒரு விரல் அகலம் விலகியது. பிறகு அதன் வளையங்கள் கம்பியில் கிரீச்சென்று ஓடும் சத்தம் கேட்டது.

“மகன்,” என்றார் மாமி, “நிக்கிற கல்லக் கழுவுங்க.”

கை தானாகத் தண்ணீர் அடித்தது. மஞ்சள் போனதும் கல் வெள்ளையாகி என்னோடு சேர்ந்து விழுந்தது, பள்ளத்து நீலம் எங்களை அள்ளி எறிந்தது. கதவுக்குள் போனேனா என்று நான் பார்க்கவில்லை. திரும்பிவிட்டேன். மாமி திரைக்கு இந்தப் பக்கம், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, முழு ஆளாக நின்றார்.

“என்னயப் பாத்து என்ன செய்யப் போறீங்க?” என்று ஏசினார். “முன்னுக்குப் பாருங்க மகன், உழுந்திரப் போறீங்க!”