என் நாற்காலி வாசலுக்குப் போனது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியைக் கூட்டித் துடைப்பது என் வேலை. பள்ளி திறந்த வாரம், ஒன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று உள்ளே வர மாட்டேன் என்று தினமும் அழுதது. அதன் அம்மா ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்கு ஓட வேண்டும். “இப்படியே அழுதா நிறுத்திட்டு அடுத்த வருசம் சேர்க்கிறேன் டீச்சர்,” என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளை என் கையைப் பிடித்தால் மட்டும் உள்ளே வந்தது. “அக்கா, பக்கத்துல உக்காருங்க லா. கூட்டுறது அப்புறம் இருக்கட்டும்,” என்றார் டீச்சர்.

சின்ன வயதிலேயே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன நான் வகுப்பில் உட்கார்ந்தது சில மாதங்கள்தான். ஆனால் தோட்டத்து வேலை தெரியும். ஒரு நிரை மரம் முடிந்தால்தான் அடுத்த நிரை. அப்படியே தினம் ஒரு மேசை தூரம் என் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினேன்.

நாற்காலி வாசலுக்கு வந்த மறுநாள், பிள்ளை எழுந்து என்னிடம் வந்தது.

“பாட்டி, நீங்க போய்க் கூட்டுங்க. எனக்குப் படிக்கிற வேலை இருக்கு.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடைபாதையின் நடுவிலேயே நடந்தேன். எதிரே மந்திரியே வந்திருந்தாலும் அன்று ஒதுங்கியிருக்க மாட்டேன்.