நான் எடுத்துவிட்ட இரண்டு விநாடிகள்

பிளஸ் டூ வரை படித்த எனக்கு, ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் சோதனை ஓட்டும் வேலை. கடைகளின் கணினிக் கோப்புகளை நகல் எடுத்து வைக்கும் மென்பொருள் எங்களுடையது. அதைச் சரிபார்க்க, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. லினக்ஸ், மேக் கணினிகளில் அவற்றை ஓட்டுவது என் பொறுப்பு. விண்டோஸ், தொட்டியத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணின் பொறுப்பு. அவர் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. வேலை நிரந்தரமானால் மகளை இங்கேயே ஸ்கூலில் சேர்த்து, வீடு பார்த்து வந்துவிடலாம் என்றிருந்தார்.

லினக்ஸில் இருபது நிமிடத்தில் முடிவது விண்டோஸில் மூன்று மணி நேரம் இழுக்கும். ஒவ்வொரு சின்னக் கட்டளையும் தொடங்கவே அங்கே நேரம் பிடிக்கும்.

“என்னங்க, உங்க பெட்டி பாசஞ்சர் வண்டியா?” என்று மேலாளர் அவரைக் கேட்பார்.

“பாசஞ்சர் இந்நேரம் லால்குடி தாண்டியிருக்கும் சார்.”

ஒருநாள் மேலாளர் என்னிடம் சோதனைகளை வேகப்படுத்தச் சொன்னார். ஸ்கிரிப்டுகளைத் திறந்து பார்த்தேன். கோப்பு எழுதி முடியட்டும் என்று பல இடங்களில் இரண்டு விநாடி காத்திருக்கும் வரி இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். லினக்ஸில் பச்சை, அதாவது பாஸ். மேக்கிலும் பச்சை. விண்டோஸில் ஓட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் போய் நிற்கக் கூச்சம்.

அதன்பின் விண்டோஸில் தினமும் ஏதாவது ஒன்று சிவப்பாகும். மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும்.

“நீங்க எதாச்சும் மாத்துனீங்களாண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“கொஞ்சந்தாம்மா.”

மேலாளர் என் மேசையருகே நின்றபடியே அவரிடம் சொன்னார்: “சிவப்பு வந்தா இன்னொரு தடவ ஓட்டுங்க. பச்சை வந்தா பாஸ்னு போட்டு அனுப்பிடுங்க.”

காத்திருப்பு இல்லாததால் வந்த பொய்ச் சிவப்புகளுக்கு நடுவே, அப்படி அனுப்பியதில் ஒன்று உண்மையான சிவப்பு. வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை, எங்கள் மென்பொருள் சில நேரம் வெற்றுக் கோப்பாக நகலெடுத்தது. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணினி பழுதானபோது, நகலைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

பாஸ் போட்டது யார் என்று முதலாளி கூட்டம் போட்டுக் கேட்டார்.

“சார்தான் திரும்ப ஓட்டச் சொன்னாங்க,” என்றார் அந்தப் பெண்.

“நான் எப்பங்க சொன்னேன்?” என்றார் மேலாளர்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. சொல்லுங்கண்ணே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது.

“சரியா ஞாபகம் இல்லம்மா,” என்றேன். ஞாபகம் இருந்தது.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். தினமும் கிளம்பும்போது “போயிட்டு வரேண்ணே” என்பவர், அன்று என் மேசைப் பக்கம் வராமலே பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் மேலாளர் அறைக்குள் போனேன். “அந்தக் காத்திருப்ப எடுத்தது நான்தான் சார். நீங்க சொன்னதும் என் காதுல விழுந்துச்சு.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்ணே. யார் எத மாத்துனாங்கன்னு சிஸ்டத்துலயே இருக்கே. கதவச் சாத்திட்டுப் போங்க.”

சாத்திவிட்டு வந்தேன். விண்டோஸும் இப்போது என் பொறுப்பு.